குல்லா போட்ட புங்கை

மரம் வளர்ப்பில் பரிசு வாங்கியவன் நான். சிரிக்காதீர்கள். என் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்றாழைகூட என்னைக் கண்டால் வாடுகிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் தெருவோரம் மரம் நடும் பேச்சு எழும்போதெல்லாம், "நம்ம சார்கிட்ட கேளுங்க, அவர் சின்ன வயசுலயே ப்ரைஸ் வாங்கினவர்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். அந்த யாராவது, பெரும்பாலும் என் மனைவி. கட்டைவிரலை உயர்த்துகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு நான் நழுவிவிடுவேன். எனக்குத் தெரிந்த மரம் வளர்ப்பு முறை ஒன்றே ஒன்றுதான். அதைக் குழுவில் எழுதினால் என்னை வெளியேற்றிவிடுவார்கள்.

எங்கள் வீடு கொடைக்கானலில், ஏரியிலிருந்து வெகுதூரம் இறங்கினால் வருகிற ஒரு சரிவுத் தெருவில் இருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வழி தவறினால் மட்டும் அந்தத் தெருவைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் வரிசையாக வீடுகள். மறுபக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர். சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு. வீடுகளுக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. சுவரை ஒட்டி நீளமாகப் போகிற மண்தரையில்தான் விழும். காலையில் வந்தால், பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து சுருட்டிக்கொண்டு போகும்வரை கிடக்கும். சில நாள் கடனே என்று தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும்.

அதனால் எங்கள் தெருவில் வெயிலுக்குப் பாகப்பிரிவினை உண்டு. உன் வாசலுக்கு நேரே சுவரோரம் விழுகிற வெயில் உன்னுடையது. அதில் நீ துணி காயப்போடலாம், பூண்டு காயப்போடலாம், மாமனாரைக் காயப்போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் உன் துண்டின் ஓரம் அடுத்த வீட்டு வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டை உறுதி. விருந்தாளி வந்தால் "உள்ள வாங்க" என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. "வெயிலுக்கு வாங்க" என்பார்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, நம் பாகத்திலேயே நல்ல வெயிலாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, நாம் ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை.

தெருவிலேயே உயர்ந்த வெயில் என் அம்மாவுடையது. எங்கள் வாசலுக்கு எதிரே சுவர் கொஞ்சம் வளைந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மேகம் தெருவையெல்லாம் விழுங்கிவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே வரும். அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது. ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் பெட்ஷீட்டுகளை வாங்கி வந்து துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. அப்பா மலை மேல் பூண்டி கிராமத்தில் கேரட் மூட்டை ஏற்றுகிற வேலையில் இருந்தார். வாரக் கடைசியில்தான் வருவார், அதுவும் லாரிக்காரர் மனசு வைத்தால். ஆக எங்கள் குடும்பம் ஓடியது பெட்ஷீட்டின் மேல்தான். லாட்ஜ் மேனேஜர் ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குவார். வெயில் வாசம் அடிக்க வேண்டும். ஈர வாசம் அடித்தால், "இன்னொருவாட்டி இப்பிடி வந்துச்சுன்னா மெஷின் வெச்சிருக்கவன்ட்ட குடுத்துருவேன்" என்பார். ஆகவே அம்மா எங்களைவிட அந்த வெயிலைத்தான் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். எங்களை என்றால் என்னை. வீட்டில் வேறு பிள்ளை கிடையாது.

பக்கத்து வீடு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. அத்தையும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தின் அடுத்தடுத்த அறைகளில் பிறந்தவர்கள். சிறுமிகளாக இருக்கும்போது ஒரே கப்பலில் இந்தக் கரைக்கு வந்தவர்கள். அத்தை அப்போதும் டீயைத் தேத்தண்ணி என்றும் சோப்பைச் சவுக்காரம் என்றும்தான் சொல்வாள். மலைப்பூண்டு வாங்கிக் காயவைத்து விற்பாள். மழை நாளில் குல்லா பின்னுவாள். என் தலையில் இருந்த சிவப்புக் குல்லா அவள் பின்னியது. அவள் வீட்டுக் கொல்லையில், குளிர் வந்தால் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிற ஒரு கிழட்டுப் பேரிக்காய் மரம் இருந்தது. அதன் காயைக் கடித்துப் பல்லை ஆட்டிக்கொள்ளாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

நான் ஆறாவது படிக்கும்போது ஊருக்கு ஓர் அதிகாரி மாற்றலாகி வந்தார். ராமநாதபுரத்துப் பக்கம். பிறந்ததிலிருந்து வெயிலில் வெந்த மனிதர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் நிழலைவிடப் பெரிய தர்மம் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசினார். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, காதைச் சுற்றி மப்ளர். பல் கிடுகிடுக்க, "பிள்ளைகளா, ஒரு மனுசன் வெயில்ல நடந்து வாரான். அவனுக்கு ஒதுங்க நிழல் வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். "வேணும் சார்" என்று கத்தினோம். கத்திக்கொண்டே, மைதானத்தில் வெயில் விழுந்திருந்த மூலைக்கு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தோம்.

கீழேயிருந்து ஒரு லாரி நிறையப் புங்கங்கன்றுகள் வந்தன. தெருவுக்குச் சில. கன்றுக்கு ஒரு மூங்கில் கூண்டு. கூண்டில் ஒரு தகரப் பலகை. அதில் 'புங்கை' என்று மேலே பெரிதாக, கீழே அந்தக் கன்றைக் காக்கப் போகும் மாணவன் பெயர், பெயருக்குப் பக்கத்தில் 'மரக் காவலர்'. என் பெயர் அதுவரை எழுதப்பட்டிருந்த ஒரே பொது இடம் வகுப்புக் கரும்பலகை. அதுவும் 'பேசியவர்கள்' என்ற தலைப்பின் கீழ்.

எங்கள் தெருவுக்கு அதிகாரியே நேரில் வந்தார். "கன்னு பொழைக்கணும்னா நல்ல வெயில் படணும். இந்தத் தெருவுல நல்ல வெயில் எங்கப்பா விழும்?" என்றார். கூட நின்ற பையன்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானோ, ஒரு கேள்விக்கு விடை தெரிந்து நிற்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். நிழல் தரப்போகிற மரத்துக்கு, தெருவிலேயே உயர்ந்த வெயிலை, கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிக் கொடுத்தேன். அதிகாரி என் தோளைத் தட்டினார்.

அம்மா அப்போது லாட்ஜுக்குப் போயிருந்தாள். தலையில் மூட்டையோடு திரும்பி வந்து, தன் கொடிக்கு நட்டநடுவே மூங்கில் கூண்டு நிற்பதைப் பார்த்தாள். மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னலே இது?"

"மரம்மா. என் பேர் போட்டிருக்கு பாரு."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.

"உம் பேரா? யாரு எழுதுனா?"

"கவர்மெண்ட்டு."

அம்மா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. ஏனோ அதைச் சேலையில் துடைக்காமல் விரலைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது.

"ஊரு பூரா எடம் கெடக்கு. ஆத்தா அடிமடியிலயே கொண்டாந்து நட்டிருக்கியே, ஏலே! இது வளந்து நின்னா நம்ம வெயிலு என்னத்துக்கு ஆகும்?"

"நிழல் தரும்மா."

மூட்டை கீழே விழுந்தது. நான் ஓடிவிட்டேன்.

கூண்டில் கயிறு கட்டக் கூடாது என்று உத்தரவு. அதனால் அம்மா கொடியைப் பக்கவாட்டில் தள்ளிக் கட்டினாள். தள்ளியதில் ஒரு பெட்ஷீட் அகலம் அத்தையின் வெயிலுக்குள் போய்விட்டது.

"இந்தா பாரு, ஓம் மகன் நட்ட மரத்துக்கு எம் பூண்டு ஏன் புழுங்கணும்?" என்றாள் அத்தை.

"மரம் ஒரு சாண்தான இருக்கு மதினி. அதுக்குள்ள நெழலு விழுந்துருச்சாக்கும்?"

"மரத்து நெழலு இல்லடியம்மா, ஓன் பெட்சீட்டு நெழலு. மண்டபம் கேம்புல எறக்கிவிட்டப்ப அந்த ராமநாதபுரத்து வெயிலு பொறுக்காமத்தான் இந்த மலைக்கு ஓடியாந்தோம். இப்ப அந்த ஊருக்காரன் வந்து நமக்கு நெழலு நடுறான். நீ அதுக்கு மேல எனக்கு நெழலு விரிக்கிற."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே லயம், ஒரே கப்பல், எல்லாம் ஒரு பெட்ஷீட் அகலத்தில் முடிந்துபோனது. பிறகு தபால் சேவை நான்தான். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "உங்கத்தைகிட்ட சொல்லு, கொடியைப் பிடிச்சு இழுக்க வேணாம்னு" என்பாள் அம்மா. "ஒங்கம்மாகிட்ட சொல்லு, நான் இழுக்கல, காத்து இழுத்துச்சுன்னு" என்பாள் அத்தை. சில சமயம் நான் சொந்தமாக ஒன்றிரண்டு வார்த்தை சேர்த்துவிடுவேன். அப்போது இருவரும் ஒரே நேரத்தில் என்னை அடிப்பார்கள். பேச்சு இல்லாதபோதும் அந்த ஒற்றுமை மட்டும் இருந்தது.

எனக்குக் குழப்பம். பள்ளிக்கூடத்தில் மரம் என்றால் கைதட்டுகிறார்கள். தெருவில் மரம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் தினமும் கன்றுகளை வந்து பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் ஆள் பார்ப்பதுபோல. "எப்பிடிடா இருக்கு?" "நல்லாருக்கு மாமா." "அப்பிடியா..." என்று மனசு விட்டுப்போய்த் திரும்புவார்கள்.

அவர்கள் அவ்வளவு கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். மார்கழியில் உறைபனி இறங்கியது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெள்ளை. கீழ்நாட்டுப் புங்கைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொன்றாகக் கருகின. தெருவில் ஒரு நிம்மதி பரவியது. வெறும் குச்சியாக நின்றவற்றைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். நன்றாக எரியவில்லை என்று அதற்கும் அதிகாரியைத்தான் திட்டினார்கள்.

என் புங்கையும் இலை கருகிக் குச்சியானது. ஆனால் நான் மரக் காவலர் அல்லவா. குளிருக்கு மனிதர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்தேன். என் சிவப்புக் குல்லாவைக் கழற்றிக் குச்சியின் தலையில் மாட்டினேன். காது மூட அதற்குக் காது இல்லை என்பதால் கழுத்துவரை இழுத்துவிட்டேன். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுக் குச்சியின் பட்டையை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தாள். உள்ளே துளிப் பச்சை இல்லை. என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நோயாளியைப் போய் யாராவது கீறுவார்களா?

விடிய வெள்ளனே எழுந்து வெறும் தலையோடு குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மரத்துக்குக் குல்லா, காவலருக்குக் காய்ச்சல். நல்ல காய்ச்சல். கம்பளிக்குள் கிடந்து பிதற்றினேன். என்ன பிதற்றினேன் என்று தெரியாது, எப்படியும் மரத்தைப் பற்றித்தான் இருக்கும். அம்மா அன்றைக்குப் பெட்ஷீட் மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

அப்படிக் கிடந்த ஒரு பகலில்தான் அந்த விசித்திரமான கனவு வந்தது. கொல்லைப் பக்கம் அம்மாவின் குரல்.

"மதினி."

அந்தப் பக்கம் முறம் புடைக்கிற சத்தம் மட்டும்.

"மதினி, ஒங்களத்தான். பேரிமரத்துத் தூருல பக்கக்கன்னு ஒன்னு நிக்குதே..."

"நின்னா?"

"எனக்கு வேணும்."

"ஒனக்கு எதுக்கு? நட ஏது எடம்?"

அதற்கு அம்மா ரொம்பத் தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னாள். முறம் புடைப்பது நின்றது. அப்புறம் அத்தை, "அடி இவளே!" என்றாள். "அந்தப் பயலுக்காகவா? ஒனக்குக் கிறுக்குத்தான். நில்லு, மம்பட்டிய எடுத்தாறேன்."

மம்பட்டிச் சத்தம் கேட்டது. நான் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி கொடுத்தபோது, இன்னும் கனவு கலையவில்லை என்றே நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன், நீயும் அத்தையும் பேசிக்கொள்கிறமாதிரிக் கனவு வந்தது என்று. "காச்சல்ல அப்பிடித்தான் கேக்கும், தூங்குலே" என்று நெற்றியைத் தடவினாள். எப்போதும் சோப்பில் ஊறி வெளுத்திருக்கும் அவள் நகங்களுக்குள் அன்றைக்குக் கறுப்பாக மண் இருந்தது. மண்ணில் எப்போது பெட்ஷீட் துவைக்க ஆரம்பித்தாள் என்று யோசித்தபடியே மறுபடி தூங்கினேன்.

காய்ச்சல் விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். குச்சி இருந்தது. தெருவில் அது ஒன்றுதான் பாக்கி. முன்பைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. காய்ச்சலில் நான் குட்டையாகிவிட்டேன் என்று முடிவு செய்தேன். தலையில் குல்லா அப்படியே இருந்தது. ஆனால் அதில் அப்பியிருந்த மண்ணும், குருவி போட்டு வைத்திருந்ததும், புகைக்கறையும் எங்கே போயின? கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பும் வெயிலும் கலந்து மணத்தது. மேகம் ஏறி இறங்குகிற ஊரில் குல்லா தன்னைத் தானே துவைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த வயதில் என்னிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

மாசி பிறந்து துளிர் விட்டது. நான் தெருவின் இரண்டு முனைகளுக்கும் ஓடிக் கத்தினேன். ஆனால் இலை வேறுமாதிரி இருந்தது. புங்கை இலை ஓரம் வழவழவென்று, கூட்டுக் கூட்டாக இருக்கும். இது ஒற்றை இலை, ஓரத்தில் பொடிப்பொடியாக ரம்பப் பல். வகுப்பில் கேட்டார்கள். "குளிருக்கு இலை மாறிருச்சு" என்றேன். கீழேயிருந்து வந்த அதிகாரிக்கே உதடு வெடித்து ஆள் அடையாளம் மாறிப்போகவில்லையா? இலை மட்டும் மாறக் கூடாதா?

அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். சுவரோரம் பெட்ஷீட் உதறிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது புங்கைதானா?"

அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் பலகையில எழுதியிருக்கே சார்" என்றாள். எழுத்துத் தெரியாத அம்மா.

அதிகாரி பலகையை வாசித்தார். 'புங்கை' என்றுதான் இருந்தது. இலையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பலகை அவர் கையெழுத்து. கடைசியில் பலகை ஜெயித்தது. "மலைக்காத்து என்னெல்லாம் பண்ணுது!" என்று வியந்துகொண்டே போனார்.

அவர் நட்டதில் பிழைத்த ஒரே மரம் என்று பள்ளி விழாவில் எனக்குப் பரிசு கொடுத்தார். என்ன பரிசு? குடை. நிழலில் அவருக்கு இருந்த பக்தி அப்படி. மைக்கை என் பக்கம் திருப்பி, "எப்பிடிக் காப்பாத்தின, சொல்லு பாப்போம்" என்றார். "குல்லா போட்டேன் சார்" என்றேன். மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்து அத்தையின் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். என் சாதனையில் அவளுக்கு ஒரு பெருமையும் இல்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றும் விளங்கவில்லை. அந்த இருவரும் எப்போது சமாதானமானார்கள்? யார் முதலில் பேசியது? தபால்காரன் எனக்கே தெரியாமல் எப்படி நடந்தது? கேட்டால், "போலே, சோலியப் பாரு" என்றார்கள், மறுபடியும் ஒரே குரலில்.

ஐப்பசி அடைமழை முடிந்து அடுத்த குளிர் தொடங்கியபோது என் புங்கை மஞ்சளானது. ஒவ்வொரு இலையாக உதிர்ந்தது. மார்கழியில் ஒரு காலை பார்க்கிறேன், ஓர் இலைகூட இல்லை. வெறும் கிளை. எனக்கு உயிரே போய்விட்டது. பரிசு வாங்கிய மரம் செத்துப்போனால் குடையைத் திருப்பிக் கேட்பார்களா என்ற கவலை வேறு.

அம்மா பழைய இடத்திலேயே கொடி கட்டியிருந்தாள். இலையில்லாத கிளைகளுக்கு ஊடாக வெயில் அப்படியே இறங்கிப் பெட்ஷீட்டுகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் பென்சிலால் இழுத்தமாதிரி நாலைந்து மெல்லிய கோடுகள், அவ்வளவுதான் மரத்தின் நிழல். பக்கத்தில் தன் வெயிலில் அத்தை பூண்டைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மரம் செத்துருச்சு!" என்று அழுதேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

"செத்தா சாகட்டும்லே. வெரசா அந்தக் கிளிப்ப எடுத்துக் குடு, வெயிலு போகுது."

ஒரு தாய் பேசுகிற பேச்சா இது? கிளிப் டப்பாவை அவள் காலடியில் வைத்துவிட்டு, மறுபடி என் தலைக்கு வந்திருந்த குல்லாவைக் கழற்றி உயரமான கிளையில் இறுக்கி மாட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்து முதலில் மரத்தைத்தான் பார்த்தேன். கிளையில் குல்லா இல்லை. கொடியில், வெயில் கடைசிவரை நிற்கிற அந்த வளைவுக்கு நேரே, இரண்டு பெட்ஷீட்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு நடுவில் குல்லா தொங்கியது. துவைத்து, பிழிந்து, கிளிப் மாட்டி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் மரத்தின் மேல் இந்த அம்மாவுக்கு ஏன் இத்தனை வன்மம் என்று எனக்கு விளங்கவே இல்லை.